படர்க்கையிலிருந்து தன்மைக்கு: திருநர் கவிதையும் உரிமைக் கேள்வியும்

புறநானூற்றின் 74ஆம் பாட்டுக்குக் கீழேயுள்ள பழங்குறிப்பு ஒரு சிறைச்சாலையைப் பற்றிப் பேசுகிறது. சோழன் செங்கணானோடு பொருது தோற்ற சேரமான் கணைக்கால் இரும்பொறை, குடவாயிற் கோட்டத்துச் சிறையில் கிடந்தான். தண்ணீர் கேட்டான். உடனே தரவில்லை. பிறகு தந்ததைக் கையில் வைத்துக்கொண்டே குடிக்காமல் இந்தப் பாட்டைச் சொல்லி உயிர்விட்டான் என்கிறது குறிப்பு. அந்தக் குடவாயில், திருவாரூர் மாவட்டத்தில் இன்றுள்ள குடவாசல்தான் என்பது பெரும்பாலோர் கருத்து. பாட்டின் பொருள் இன்று படித்தாலும் திடுக்கிட வைக்கும். பிள்ளை இறந்து பிறந்தாலும், உருவம் கூடாத தசைப் பிண்டமாகவே பிறந்தாலும், அதை ஆள் இல்லையென்று ஒதுக்காமல் வாளால் கீறியே அடக்கும் குடியில் பிறந்தவன் நான். பகைவரிடம் இரந்து வயிற்றுத் தீயைத் தணிக்கவா என்னைப் பெற்றார்கள் என்று கேட்கிறான் அரசன். எந்த உடல் ஆள், எந்த உடல் ஆள் அல்ல, அதைத் தீர்மானிப்பவர் யார் என்ற கேள்வி அந்தச் சிறைக்குள்ளிருந்து வருகிறது.

இதே நிகழ்ச்சிக்கு இன்னொரு முடிவும் உண்டு. பொய்கையார் சோழனின் வெற்றியைப் புகழ்ந்து களவழி நாற்பது பாடினார், மகிழ்ந்த சோழன் சேரனை விடுவித்தான் என்பது கலிங்கத்துப்பரணி உள்ளிட்ட பிற்கால நூல்கள் சொல்லும் கதை. இரண்டும் ஒருசேர உண்மையாக இருப்பது கடினம். எது வரலாறு என்பதை வரலாற்றாசிரியர்களுக்கு விட்டுவிடலாம். நமக்கு வேண்டியது வேறு. கவிதையால் உரிமை வாங்க முடியுமா என்ற கேள்விக்கு இந்த இரண்டு கதைகளும் இரண்டு விடைகளாக நிற்கின்றன. ஒன்றில் அடைபட்டவனுக்காக வேறொருவர் பாடுகிறார், அதுவும் வென்றவனைப் புகழ்ந்து. விடுதலை கிடைக்கிறது. மற்றதில் அடைபட்டவனே பேசுகிறான். விடுதலை கிடைக்கவில்லை, பேச்சு மட்டும் நிலைக்கிறது. கடந்த அரை நூற்றாண்டில் தமிழில் திருநரைப் பற்றியும் திருநராலும் எழுதப்பட்ட கவிதைகளை இந்த இரண்டு விடைகளுக்கும் நடுவில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கணம் ஒதுக்கிய இடம்

திருநர் உரிமை பேசும் மேடைகளில் தமிழ் மரபு தாராளமானது என்ற வாதம் அடிக்கடி எழுகிறது. அதற்கு ஆதாரமும் உண்டு. ஆண்மை திரிந்த பெயர்களைத் தொல்காப்பியம் உயர்திணைக்குள்ளேயே வைக்கிறது. அவற்றுக்குத் தனி ஈறு இல்லை, உயர்திணைக்குரிய பால் ஈறுகளையே ஏற்கும் என்கிறது. அத்தகைய பெயர் ஆண்பாலுக்குரிய சொல்லோடு பொருந்தாது என்று இன்னொரு நூற்பாவில் தெளிவும் செய்கிறது. பல நூற்றாண்டுகள் கழித்துப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் வந்த பவணந்தியின் நன்னூலோ பால் திரிந்தவரைக் குறிக்கும் பேடு என்ற சொல்லை ஆண்பாலாகவும் பெண்பாலாகவும் பிரித்துவிட்டு, இருவகையும் அஃறிணை போலவும் வரும் என்று ஒரு வழியைத் திறந்து வைக்கிறது. இன்று தெருவில் ஒரு திருநங்கையைப் பார்த்து 'அது வருது பார்' என்று சொல்பவர் நன்னூல் படித்திருக்க மாட்டார். ஆனால் அவர் செய்வதற்கு இலக்கணத்தில் இடம் இருக்கிறது. மரபு தாராளமானது என்ற வாதம் தொல்காப்பியத்தோடு நின்றுகொள்கிறது, நன்னூல்வரை வருவதில்லை.

இலக்கியத்திலும் இதே இரட்டை நிலைதான். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினொரு ஆடல்களில் பேடும் ஒன்று. அதே காலப்பகுதியை ஒட்டிய திருக்குறள் கையாலாகாதவனைச் சுட்ட இரண்டு இடங்களில் (614, 727) பேடியின் கை வாளை உவமையாக்குகிறது. முற்பிறப்பில் பிறன்மனை நாடியவரே இப்பிறப்பில் அலியாகி ஆடிப் பிழைக்கிறார்கள் என்று வினைக்கணக்குப் போடுகிறது நாலடியார். பாரதி தன் சுயசரிதைப் பாட்டில் ஆங்கிலக் கல்வியைப் பழிக்க எடுத்த சொல்லும் பேடிதான். பக்தி இலக்கியம் இதைச் சற்றுப் புரட்டிப் போட்டது. மார்கழி விடியலில் காவிரி டெல்டாவின் கோயில் ஒலிபெருக்கிகளில் ஒலிக்கும் திருவெம்பாவை இறைவனைப் பெண் என்றும் ஆண் என்றும் அலி என்றும் போற்றுகிறது. அதே சொல் அதே வீதியில் பகலில் ஒருவர்மேல் வீசப்பட்டால் வசை. கடவுளுக்குப் பெருமையான சொல் மனிதருக்கு இழிவாகும் விந்தையை நம் பக்தி மரபு ஒருபோதும் விளக்கியதில்லை.

ஆழ்வார்களின் நாயகி பாவத்தை முன்னுதாரணமாகக் காட்டுவோரும் உண்டு. சீர்காழிக்கருகே திருக்குறையலூரில் பிறந்த திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகிப் பெண் குரலில் பாடினார். ஆண் பெண்ணாகப் பேசுவது தமிழுக்குப் புதிதல்ல என்பதற்கு இது சான்றுதான். ஆனால் அந்தப் பெண்மை பாசுரம் முடிந்ததும் கழன்றுவிடும். பாடியவரின் குடியோ சொத்தோ பெயரோ அதனால் பறிபோகவில்லை. பெண்ணாகப் பாடுவதற்கும் பெண்ணாக வாழ்வதற்கும் இடையே உள்ள தூரத்தை இந்த முன்னுதாரணம் மறைத்துவிடக் கூடும். தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் நாட்டியம் பயின்று 2019இல் பத்மஸ்ரீ பெற்ற திருநங்கை நர்த்தகி நடராஜ் நாயகி பாவத்தை மேடையேற்றும்போது அந்தத் தூரம் முதன்முறையாகக் குறைகிறது என்று சொல்லலாம். அங்கே பாடலின் பெண்ணும் ஆடுகிற பெண்ணும் ஒருவரே.

பிறர் பாடிய பாட்டு

நவீனத் தமிழில் முதலில் வந்தது பொய்கையார் வழி. புதுக்கவிதை பொதுமக்களிடம் பரவிய காலத்தில் நா. காமராசனின் 'கறுப்பு மலர்கள்' தொகுப்பில் 'காகிதப் பூக்கள்' என்ற கவிதை இடம்பெற்றது. அலிகள் என்று அப்போது அழைக்கப்பட்டவர்களைக் கவிதையின் நடுவில் நிறுத்தியது. கல்லூரி மாணவர்கள் மனப்பாடமாகச் சொன்ன கவிதைகளில் ஒன்று. அதுவரை உவமையாக மட்டுமே இருந்தவர்களைப் பொருளாக்கியது என்ற வகையில் அதன் பங்கு சிறியதல்ல. இருந்தும் அதன் தலைப்பே அதன் எல்லையைச் சொல்லிவிடுகிறது. காகிதப் பூ என்றால் பூப்போல இருக்கும், பூ அல்ல. மணமில்லை, காய்ப்பில்லை. இரக்கப்படுவதற்கே முதலில் போலி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. உரைநடையில் கி. ராஜநாராயணனின் 'கோமதி' சிறுகதையும், 1990களில் வந்த சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி' நாவலும் இதைவிட நெருங்கிப் போயின. 'வாடாமல்லி' தலைப்பிலேயே காகிதப் பூவுக்குப் பதில் சொல்வதுபோல் இருக்கிறது.

காவிரிப் பாசனப் பகுதி எழுத்தில் இந்தச் சிக்கல் வேறு கோலத்தில் வந்தது. 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதை அடியொற்றி இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'குருதிப்புனல்' 1977இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. நிலக்கிழாரின் வன்முறைக்குப் பின்னால் அவனது ஆண்மைக் குறைவையும் ஒரு காரணமாக நாவல் நிறுத்தியது. வர்க்கப் போராட்டத்தை உளவியலாகச் சுருக்கிவிட்டார் என்று இடதுசாரி விமர்சகர்கள் கண்டித்தார்கள். கண்டனம் நியாயமானது. ஆனால் அந்த விவாதத்தில் முன்னுக்கு வராத கேள்வி ஒன்று உண்டு. ஆண்மை இல்லாமையைக் கொடுமையின் ஊற்றாகக் காட்டும் பழக்கம் எங்கிருந்து வந்தது? குறளின் பேடி கோழை. நாவலின் பண்ணையார் கொடியவன். இடையில் இரண்டாயிரம் ஆண்டுகள் கழிந்தும் உவமையின் இயந்திரம் மாறவில்லை. திருநர் கவிஞர் ஒருவர் தமிழில் எழுத உட்காரும்போது சமூகத்தோடு மட்டுமல்லாமல் தான் எழுதப்போகும் கவிதை மொழியோடும் முதலில் மல்லுக்கட்ட வேண்டியிருப்பது இதனால்தான்.

பிறர் பாடும் பாட்டுக்கு ஆதரவாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. அச்சும் மேடையும் மறுக்கப்பட்டவர்களுக்காக, அவை வாய்த்தவர்கள் பேசாமலிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். களவழி பாடியவர் சிறைக் கதவைத் திறந்தார் என்றுதானே கதை. ஆனால் அந்த நாற்பது பாட்டிலும் இருப்பது வென்றவனின் களிறும் குருதிக் களமும். விடுபட்டவனின் குரல் அதில் இல்லை.

-ஏன் என்னும் ஈறு

இங்கே தமிழின் ஓர் இயல்பைக் கவனிக்க வேண்டும். படர்க்கையில் வினை பாலைக் காட்டியே தீரும்: வந்தான், வந்தாள், வந்தது. மரியாதைக்கு வந்தார் என்று தப்பிக்கலாம், அவ்வளவுதான். தன்மையில் அந்தக் கட்டாயம் இல்லை. நான் வந்தேன் என்று யார் சொன்னாலும் அந்த 'ஏன்' பாலைச் சொல்வதில்லை. ஆகவே ஒரு திருநங்கையின் பால் மொழியில் சர்ச்சையாவது அவரைப் பற்றி மற்றவர் பேசும்போதுதான். அவரே பேசும்போது இலக்கணம் அவரிடம் எந்தச் சான்றும் கேட்பதில்லை. தமிழில் திருநர் எழுத்து தன்மை ஒருமையில் கால் ஊன்றியதை இந்தப் பின்னணியில் பார்த்தால் அது வெறும் தன்வரலாற்று ஆர்வமாகத் தோன்றாது.

முதலில் வந்தது உரைநடை. அ. ரேவதி திருநங்கைகளின் வாழ்க்கைகளைத் தொகுத்த 'உணர்வும் உருவமும்' 2005இலும், லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா' 2007இலும், பிரியா பாபுவின் நாவல் 'மூன்றாம் பாலின் முகம்' 2008இலும் வெளிவந்தன. ரேவதியின் தன்வரலாறு 2010இல் வ. கீதாவின் ஆங்கில மொழிபெயர்ப்பில் முதலில் வந்து, 2011இல் 'வெள்ளை மொழி'யாகத் தமிழில் வந்தது. தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் முதுகலை படித்தவர் வித்யா. தன் நூலுக்கு 'நான்' என்று தொடங்கும் தலைப்பை இட்டதில் மொழியியலுக்குப் பங்கு உண்டா என்று தெரியாது, ஆனால் தலைப்பு மிகச் சரியானது. ஏன் கவிதைக்கு முன் தன்வரலாறு? அரசும் தொண்டு நிறுவனங்களும் ஊடகமும் அப்போது கேட்டது சாட்சியம். வீட்டை விட்டு வந்தது, ஜமாத் என்னும் திருநங்கையர் குழுவில் சேர்ந்தது, கடைகளில் காசு கேட்டது, நிர்வாணம் என்னும் அறுவையைச் செய்துகொண்டது, காவல் நிலையத்தில் பட்டது என்று வரிசையாகச் சொன்னால்தான் நம்பினார்கள். சாட்சியத்தின் பலவீனமும் அங்கேதான். வாசகர் துன்பத்தை எதிர்பார்த்து வருகிறார், அறுவைச் சிகிச்சைப் பக்கத்தை முதலில் தேடுகிறார். எழுதியவர் மறுபடியும் காட்சிப்பொருளாகிவிடும் ஆபத்து இருக்கிறது.

கவிதை அந்த வரிசையை உடைத்தது. 2010களின் நடுவில் விகடன் பிரசுரமாக வந்த கல்கி சுப்ரமணியத்தின் 'குறி அறுத்தேன்' இதற்குத் தெளிவான சான்று. திருநங்கையர் சமூகத்துக்குள் இந்தச் செயலுக்கு வழங்கும் சொல் நிர்வாணம். அதில் சடங்கின் புனிதமும் மறைப்பும் உண்டு. மருத்துவமனைச் சொல் பாலின மாற்று அறுவைச் சிகிச்சை. அதில் செய்பவர் மருத்துவர், செய்யப்படுபவர் நோயாளி. கல்கியின் தலைப்பு இரண்டையும் தள்ளிவிட்டு, செயலையும் செய்தவரையும் ஒரே வினைமுற்றில் கட்டுகிறது. அந்த 'ஏன்' ஈற்றில் எழுவாய் யார் என்பதில் சந்தேகமே இல்லை. பரிதாபத்துக்கு இடம் விடாத தலைப்பு என்பதால்தான் அது பலரை நெளிய வைத்தது.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. குட்டி ரேவதியின் 'முலைகள்' 2002இல் வந்ததைத் தொடர்ந்து பெண் கவிஞர்கள் உடலை எழுதுவது குறித்துத் தமிழில் பெரும் கூச்சல் எழுந்தது. சல்மா, சுகிர்தராணி, மாலதி மைத்ரி ஆகியோரும் அந்தத் தாக்குதலுக்கு இலக்கானார்கள். உடலைப் பெயர் சொல்லி எழுதும் உரிமைக்கு அவர்கள் கொடுத்த விலையின்மேல்தான் திருநங்கைக் கவிஞர்கள் நடந்து வந்தார்கள். வெளியுலகிலும் இணைகள் கிடைக்கின்றன. அமெரிக்க அறிஞர் சூசன் ஸ்ட்ரைக்கர் 1994இல் வெளியிட்ட கட்டுரையில் பிராங்கன்ஸ்டைன் படைத்த பூதத்தின் குரலைத் தனதாக்கிக்கொண்டார். அர்ஜென்டினாக் கவிஞர் சூசி ஷாக் 2011இல் வெளியிட்ட கவிதைத் தொகுப்பில் விகார உருவாக இருக்கும் உரிமையைக் கோரினார். இருவரும் வசையை மறுக்கவில்லை, எடுத்து அணிந்துகொண்டார்கள். குடவாயில் சிறையில் பிண்டத்தையும் ஆள் என்று எண்ணிய குரலுக்கு இவை தூரத்து உறவு என்று சொன்னால் மிகையாகாது என்றே தோன்றுகிறது.

இவை கோஷம், கவிதையல்ல என்ற ஆட்சேபம் இலக்கிய வட்டங்களில் நெடுநாளாக உண்டு. அதை எளிதில் ஒதுக்க முடியாது. இவ்வகைக் கவிதைகளில் பல, மேடையில் கேட்கும்போது இருக்கும் வலுவை அச்சில் இழக்கின்றன. உருவகங்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன. ஆனால் ஆட்சேபத்தின் அடியில் இருக்கும் எண்ணம், அதாவது வேண்டுகோள் கலந்தால் கவிதை கெட்டுவிடும் என்பது, தமிழ் மரபுக்குப் பொருந்தாது. ஆற்றுப்படை என்ற இலக்கிய வகையே பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழிகாட்டுவது. புறநானூற்றில் அரசனிடம் கேட்டும் இடித்தும் பாடியவை கணிசம். கேட்பதால் அல்ல, கேட்பவரின் குரல் தனக்கென்று ஒரு மொழியைக் கண்டடையாதபோதுதான் பாட்டு தளர்கிறது. அந்த அளவுகோலில் திருநர் கவிதைகளையும் கறாராகவே மதிப்பிடலாம்.

சாலையும் நீதிமன்றமும்

வலுவான எதிர்வாதம் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. உரிமைகளை வாங்கித் தந்தவை வழக்குகளும் மறியல்களும் அரசாணைகளும்தான், கவிதை அல்ல என்பது அது. ஆண்டுகளை வரிசைப்படுத்தினால் இந்த வாதம் பெரிதும் நிற்கிறது. திருக்குவளையில் பிறந்த மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது 2008 ஏப்ரலில் தமிழ்நாடு திருநங்கைகள் நல வாரியம் அமைந்தது. திருநரின் உரிமைகளை ஏற்ற உச்ச நீதிமன்றத்தின் நால்சா தீர்ப்பு 2014 ஏப்ரல் 15இல் வந்தது. கல்கியின் தொகுப்பு இவற்றை அடுத்துத்தான் வருகிறது. கேரளத்தில் திருநருக்கான மாநிலக் கொள்கை 2015இல். அங்குள்ள திருநங்கைக் கவிஞர் விஜயராஜமல்லிகாவின் 'தெய்வத்தின் மகள்' கவிதைத் தொகுப்பு 2018இல். அர்ஜென்டினாவில் சூசி ஷாக்கின் நூலுக்கு மறு ஆண்டே பாலின அடையாளச் சட்டம் வந்தது உண்மை. ஆனால் அதன் பின்னால் இருந்தது பல்லாண்டு அமைப்புப் பணி. கவிதை உரிமையைப் பெற்றுத் தந்தது என்று நிறுவும் சான்று எங்குமே மெலிதாகத்தான் இருக்கிறது. கீழ்வெண்மணியைப் பற்றி ஞானக்கூத்தன் கவிதை எழுதினார். 1973இல் உயர் நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுவித்தது. டெல்டாவுக்கு இந்தப் பாடம் புதிதல்ல.

சில கோரிக்கைகள் கவிதைக்குள் அடங்குவதும் இல்லை. 2015இல் தமிழ்நாடு அரசு திருநங்கையரை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. பட்டியல் சாதியில் பிறந்த திருநங்கை தன் சாதிக்குரிய இடத்தை இதனால் இழக்க நேரும் என்று செயற்பாட்டாளர் கிரேஸ் பானு உள்ளிட்டோர் எதிர்த்து, எல்லாப் பிரிவுகளுக்குள்ளும் ஊடுபாவாகச் செல்லும் கிடைமட்ட இடஒதுக்கீட்டைக் கேட்டார்கள். 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அரசாணையை ரத்து செய்தது. இந்தக் கணக்கை எந்தக் கவிதையும் விளக்கியிருக்க முடியாது. மனுவும் வாதமும் புள்ளிவிவரமும் தேவைப்பட்டன.

இருந்தாலும் எதிர்வாதம் ஒன்றைக் காணத் தவறுகிறது. நால்சா தீர்ப்பின் மையம் சுய அடையாளம். ஒருவர் தன் பாலினத்தைத் தானே சொல்வது போதும், அறுவைச் சிகிச்சையை நிபந்தனையாக்கக் கூடாது என்பது. இலக்கண மொழியில் சொன்னால், சட்டம் அன்று தன்மை ஒருமையை ஏற்றுக்கொண்டது. 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பித்துச் சான்றிதழ் பெற வேண்டும் என்றும், ஆண் அல்லது பெண் என்று பதிய அறுவைச் சிகிச்சைக்குப் பின் திருத்திய சான்றிதழ் பெற வேண்டும் என்றும் சொல்லி, பேச்சைப் படர்க்கைக்கே திருப்பியது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்பின் சாரமும் அதுதான்: எங்களைப் பற்றி நாங்களே சொல்கிறோம். அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பழகும் இடமாகக் கவிதை முன்பே இருந்தது. கவிதை ஆடம்பரம் அல்ல என்று தலைப்பிட்டு அமெரிக்கக் கவிஞர் ஆட்ரி லார்ட் 1977இல் எழுதிய கட்டுரையின் வாதமும் ஏறத்தாழ இதுவே. பெயரற்ற ஒன்றுக்குக் கவிதை முதலில் பெயர் தருகிறது, பெயர் வந்தபிறகே அதைச் சிந்திக்க முடிகிறது, செயலாக்க முடிகிறது.

பெயர் சட்டமாகும் வழியையும் தமிழ்நாட்டில் பார்க்க முடிகிறது. அலி, ஒன்பது போன்ற வசைகளின் இடத்தில் அரவாணி வந்தது, பிறகு நர்த்தகி நடராஜ் முன்வைத்ததாகச் சொல்லப்படும் திருநங்கை வந்து அரசின் சொல்லானது. பின்னர் திருநம்பி, திருநர், பால்புதுமையர். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷின் வழிகாட்டுதலை அடுத்து, சமூகக் குழுக்கள் முன்பே தொகுத்திருந்த சொற்களின் அடிப்படையில் 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. இந்தச் சொற்களையெல்லாம் கவிஞர்கள்தான் ஆக்கினார்கள் என்று சொல்ல முடியாது. சொல்லைத் தேர்ந்து, நாக்கில் வைத்துப் பார்த்து, பொது வழக்குக்கு விடும் வேலை கவிதையின் வேலையோடு ஒட்டியது என்று மட்டும் சொல்லலாம்.

இன்னும் தீராதவை

இந்த ஆய்வில் விடுபடுபவை சில. அச்சில் வந்த குரல்கள் பெரும்பாலும் திருநங்கையருடையவை. திருநம்பியரின் கவிதை தமிழில் இன்னும் போதிய கவனம் பெறவில்லை. வித்யாவும் கிரேஸ் பானுவும் சாதியைத் தவிர்த்துப் பாலினத்தைப் பேச முடியாது என்று உரைநடையிலும் மேடையிலும் வற்புறுத்தியிருக்கிறார்கள். கவிதை விமர்சனம் அதை இன்னும் தனக்குள் வாங்கவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் 'பிறர்' என்ற பிரிவில் 22,364 பேரைப் பதிவு செய்தது. அவர்களில் புத்தகம் போட்டவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். எழுதாதவர்களின் கவிதை கூவாகம் திருவிழாவில் இருக்கிறது. சித்திரையில் கூத்தாண்டவராகிய அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு கும்மியடித்துப் பாடுவதும், அரவான் களப்பலியானபின் தாலியறுத்து மாரடித்து ஒப்பாரி வைப்பதும் வாய்மொழிக் கவிதை. ஒப்பாரி பெண்களின் வகை. அதைப் பொதுவெளியில் உரக்கப் பாடுவது தன் பாலினத்தைத் தானே அறிவிப்பதற்குச் சமம். ஆனால் அது ஆண்டுக்கு ஒருமுறை, ஒரு புராணத்தின் அனுமதியோடு நடப்பது. அது எதிர்ப்பா, எதிர்ப்பை அடக்கி வைக்கும் சடங்கா என்பதில் ஆய்வாளர்கள் ஒன்றுபடவில்லை. அந்தப் பாடல்களை யார் தொகுப்பது, யார் பெயரில் அச்சிடுவது என்பது அதைவிடச் சிக்கலான கேள்வி.

கிடைக்கும் சான்றுகளை வைத்துப் பார்த்தால், கவிதை திருநருக்குச் சட்டம் வாங்கித் தரவில்லை. சட்டத்தின் முன் எந்த இடத்தில் நின்று பேசுவது என்பதை மாற்ற உதவியது என்ற அளவுக்குத்தான் உறுதியாகச் சொல்ல முடியும். அந்த மாற்றம் வகுப்பறைக்கு இன்னும் முழுதாக வரவில்லை. குடவாசல் முதல் மன்னார்குடி வரையுள்ள கல்லூரித் தமிழ் வகுப்புகளில் நன்னூலின் பெயரியல் நடத்தப்படும். பேடு அஃறிணை போலவும் வரும் என்ற நூற்பாவை விளக்கும் ஆசிரியர்கள், அதே மணி நேரத்தில் 'நான் வித்யா'வின் ஒரு பக்கத்தையாவது ஒரு மாணவரை உரக்க வாசிக்கச் சொல்ல வேண்டும்.